ஊத்துமலையின் அரை மணி நேரம்

பதுளையில் கம்பியூட்டர் கடை வைத்திருப்பவனுக்கு மழையால் வரும் கவலை ஒன்றுதான். கரண்ட் போகும்; போனது திரும்பி வரும்போது யாருடைய பெட்டியையாவது சுட்டுவிட்டு வரும். ஷாஹ்மிக்கும் நெடுநாளாக மழை என்றால் அவ்வளவுதான். 2007 ஜனவரியில் பெய்த மழைதான் அவனுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தது.

அன்று அவன் கடையைப் பூட்டிவிட்டு, மண்சரிவுக் கண்காணிப்பு அறையில் பிரிண்டரைத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய கட்டடமொன்றின் மாடியில் ஒரு மேசை, ஒரு டெலிபோன், ஒரு கம்பியூட்டர், அதன் முன்னால் கமலாம்பிகை மிஸ். ஊவா மலைகளில் சரிவுக்கு அடியில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் உள்ள தேயிலைத் தோட்டங்களெல்லாம் அந்த டெலிபோனுக்குத்தான் மழை அளவைச் சொல்லும். எப்போது அளந்தது, எவ்வளவு பெய்தது என்று மிஸ் தட்டிக் கொடுப்பார். உள்ளே இருக்கும் புரோகிராம் கூட்டிப் பார்த்து, இனி மலை தாங்காது என்று கண்டால் அந்தத் தோட்டத்தின் பெயரைச் சிவப்பாக்கும். சிவப்பு விழுந்தால் மிஸ் தோட்டத்துக்குப் போன் எடுப்பார்; தோட்டத்தை நடத்தும் தொரை ஆட்களை லயத்தை விட்டு வெளியேற்றுவார். சிவப்பு விழாவிட்டால் எந்தத் தொரைக்கும் ஆட்களை வெளியேற்ற மனம் வராது, ஒரு நாள் கொழுந்து போய்விடுமே.

அந்தப் புரோகிராம் எண்பதுகளின் கடைசியில் பிறந்தது. வெளிநாட்டு உதவியோடு வந்த எஞ்சினியர் ஒருவர், அலுமாரி அளவில் யுனிக்ஸ் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதற்கென்றே எழுதிவிட்டுப் போனார். போகும்போது மூலப் பிரதியையும் கொண்டுபோனார், மெஷினின் பாஸ்வேர்டையும் கொண்டுபோனார். 2004இல் அந்த மெஷின் செத்தது. புதிதாக எழுதித் தர ஆளில்லை என்று மேலிடம் கையை விரித்தது.

செத்த மெஷினின் டிஸ்க்கிலிருந்து புரோகிராமை உயிரோடு எடுத்தவன் ஷாஹ்மிதான். ஆனால் எடுத்து என்ன செய்ய? அது பழைய புரொசசரின் மொழியில் இருந்தது. கடையில் கிடைக்கும் புதிய பெட்டிக்கு அதில் ஒரு கட்டளையும் விளங்காது. அதற்கு இன்டர்நெட்டில் மருந்து தேடிக் கண்டுபிடித்தான். எமுலேட்டர் என்று பெயர். முழுப் பழைய மெஷினையும் நடித்துக் காட்டும் வகையல்ல அது. அந்த ஒரு புரோகிராமை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் புதிய புரொசசருக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும். கோப்பைத் திற, திரையில் எழுது, இப்போது நேரம் என்ன என்று புரோகிராம் கேட்டால், கேள்வியை இடையில் வாங்கி, அடியில் ஓடும் லினக்ஸிடம் கேட்டு, பழைய யுனிக்ஸ் சொல்வது போலவே பதிலைத் திருப்பிச் சொல்லும். தான் செத்த மெஷினில் இல்லை என்பதே புரோகிராமுக்குத் தெரியாது. இலவசமாகக் கிடைத்த அந்த எமுலேட்டருக்குப் பதில் தெரியாத கேள்விகள் நிறைய இருந்தன. அவற்றுக்கெல்லாம் ஷாஹ்மியே எழுதிச் சேர்த்தான். பதுளையில் அதைப் புரிந்து பாராட்ட ஒருவரும் இல்லையே என்பதுதான் அவனுக்குக் குறை.

இடையில் நேரத்தால் ஒரு வில்லங்கம் வந்தது. 1996இல் அரசாங்கம் நாட்டுக் கடிகாரத்தை முன்னால் தள்ளி, பிறகு கொஞ்சம் பின்னால் இழுத்து, கடைசியில் அரை மணி நேரம் முன்னாலேயே நிறுத்திவிட்டது. கடைத்தெரு மாறியது. ஊத்துமலை போன்ற மேட்டுத் தோட்டங்கள் மாறவில்லை. சூரியனுக்கு அரசாங்க வர்த்தமானி போய்ச் சேருவதில்லை அல்லவா? இருட்டுக்குள் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டு எந்தக் கொழுந்தை எடுப்பது? காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டு மணி பழைய நேரத்திலேயே அடித்தது. மழை அளவையும் பழைய நேரத்திலேயே சொன்னார்கள். பாஸ்வேர்டு இல்லாத பழைய மெஷினின் கடிகாரமும் பழைய நேரத்திலேயே கிடந்ததால் வில்லங்கம் வெளியே தெரியவில்லை. ஷாஹ்மியின் புதிய பெட்டி அரசாங்க நேரத்தில் ஓடத் தொடங்கியபோதுதான், எல்லா அளவும் பிந்தி வருகிறது என்று புரோகிராம் திரையில் புலம்பியது. அவன் எமுலேட்டரில் ஒரு சின்ன வேலை செய்தான். புரோகிராம் நேரம் கேட்டால் அரை மணி நேரத்தைக் கழித்துவிட்டுப் பதில் சொல்ல வைத்தான். புலம்பல் நின்றது. கமலாம்பிகை மிஸ் சந்தோஷத்தில் அவனுக்குத் தேநீரும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று நாள் மழைக்குப் பிறகு, அன்று காலையில் ஊத்துமலைத் தொரை போன் எடுத்தார். லயத்துக் குடிநீர்ப் பீலியில் தண்ணீர் செம்மண்ணாக வருகிறதாம். கடைசிக் காம்பிரா வீட்டு நிலத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதாம். ஆட்கள் மூட்டை முடிச்சோடு எதிர்மேட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள், வேலைக்கும் வரமாட்டோம் என்கிறார்கள், உங்கள் மெஷின் என்ன சொல்கிறது என்று கேட்டார். மிஸ் திரையைப் பார்த்தார். ஊத்துமலை வெள்ளையாகவே இருந்தது. மனம் கேட்காமல் ஷாஹ்மியையும் கூப்பிட்டுக் காட்டினார். அவன் பிரிண்டர் மையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்து, மெஷின் சரியாகத்தான் ஓடுகிறது என்றான். ஒன்றுக்கும் பயமில்லை, ஆட்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

ஊத்துமலை என்றால் ஷாஹ்மிக்கு வேறு தோட்டங்களைப் போல் அல்ல. ஸ்பிரிங்வெளி பக்கத்தால் ஏறிப்போனால் வரும் அந்தத் தோட்டத்துப் பாடசாலையில்தான் அவன் மனைவி றிப்கா படிப்பிக்கிறாள். பாடசாலையும் லயமும் ஒரே மலையின் அடியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மழைமானி பாடசாலை முற்றத்தில் இருந்ததால், அளந்து சொல்லும் வேலையை றிப்காவே கேட்டு வாங்கிக்கொண்டாள். புருஷன் ஓட்டுகிற மெஷின் என்ற பெருமை அவளுக்கு. மற்றத் தோட்டங்களில் ஆறுதலாக, தேநீர் குடித்துவிட்டு, போன் கிடைக்கும்போது சொல்வார்கள். றிப்கா அளந்த கையோடு செல்போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மூலைக்கு ஓடுவாள்.

மதியத்துக்குப் பிறகு மிஸ்ஸுக்கு அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கூட்டம் இருந்தது. குடையை விரித்துக்கொண்டே, "தம்பி, நான் கச்சேரிக்குப் போட்டு வாறன். ஆரும் எடுத்தால் உந்தத் திரையைப் பாத்துச் சொல்லும்" என்றார். அவன் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் றிப்கா எடுத்தாள். ஸலாம் சொல்லிவிட்டு அளவைச் சொன்னாள். கேட்ட உடனேயே பெரிய அளவாகப் பட்டது. வழியில் மண் விழுந்து பஸ் திரும்பிப் போய்விட்டது, நான் பாடசாலையில்தான் ஈக்கிறேன் என்றாள். காலையில் கோயிலுக்குப் போன சனமெல்லாம் லயத்துக்குத் திரும்பிவிட்டது என்றும் சொன்னாள். ஷாஹ்மி போனை வைத்துவிட்டு அளவைத் தட்டினான்.

மொத்தம் ஏறவில்லை.

தவறாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடியும் தட்டினான். அப்போதும் ஏறவில்லை. பிழை என்றும் காட்டவில்லை, எதுவும் சொல்லவில்லை. ஊத்துமலைக்கு நேரே காலையில் நின்ற அதே எண் நின்றது. மூன்று நாளாக மாலையில் வீட்டுக்கு வந்து நனைந்த சாரியைப் பிழிந்தபடி றிப்கா சொன்ன அளவுகள் அவனுக்கு நினைவிருந்தன. மனத்துக்குள் கூட்டினான். மலை தாங்கும் எல்லை எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

அந்த எமுலேட்டரில் ஒரு வசதி உண்டு. புரோகிராம் என்னென்ன கேட்கிறது, என்ன பதில் போகிறது என்று வரிவரியாக ஓடவிட்டுப் பார்க்கலாம். ஷாஹ்மி அதைத் திறந்துவிட்டு, மூன்றாம் முறை அளவைத் தட்டினான். புரோகிராம் நேரம் கேட்டது. எமுலேட்டர் பதில் சொன்னது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதில் அரை மணி நேரம் பின்னால் இருந்தது.

போன வருடம் சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. ஷாஹ்மி அந்த வாரம் பதுளை முழுக்க அலைந்து, கடை கடையாகக் கம்பியூட்டர்களின் நேரத்தைத் திருத்தினான். இந்தப் பெட்டியின் நேரத்தையும் அவன்தான் திருத்தினான். எமுலேட்டருக்குள் தான் செய்த கழித்தலை மட்டும் மறந்துபோனான். அன்றிலிருந்து புரோகிராம் ஊருக்கு அரை மணி நேரம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு றிப்காவின் அளவுகள் இன்னும் வராத நேரத்திலிருந்து வந்தன. வராத நேரத்து மழையைத் தட்டுகிறவன் மடையனாகத்தான் இருப்பான் என்று எண்ணிய அந்த எஞ்சினியர், அப்படி வருவதைச் சத்தமில்லாமல் வீசிவிடும்படி எழுதியிருந்தார். சோம்பேறித் தோட்டங்களின் மழை பிந்தி வந்ததால் ஏதோ கொஞ்சம் கணக்கில் ஏறியது. நேரத்துக்குச் சொன்னவர்களின் மழைதான் காணாமல் போனது.

அவனுடைய மனைவி ஓடி ஓடிச் சொன்ன மழை முழுவதையும் அவனே வீசியிருக்கிறான். அவள் அந்த மலைக்கு அடியில் இருக்கிறாள்.

றிப்காவின் நம்பரை இரண்டு தடவை பிழையாக அழுத்தினான். பிறகு சரியாக அழுத்தியும் தொடர்பு கிடைக்கவில்லை. சிங்களத்தில் ஒரு பெண் குரல், அதே செய்தி ஆங்கிலத்தில், பிறகு தமிழில். அந்தக் குரலின் நிதானம் அவனைக் கொன்றது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்ப அழுத்தினான். தோட்டத்து அலுவலகத்துக்கு எடுத்தான், லைன் செத்துக் கிடந்தது. சன்னலுக்கு வெளியே மலைகளே இல்லை, வெறும் வெள்ளை மழைதான் இருந்தது. மறுபடியும் அழுத்தினான். மணி அடித்தது.

"றிப்கா, நீங்க இப்பவே கோயிலுக்குப் போங்க. ஒண்டும் எடுக்க வேணாம். மல வரப் போகுது."

"மெஷின் ஒண்டும் இல்லண்டுதானே சென்ன?"

"மெஷின் பிழ. நான் விட்ட பிழ. நீங்க போங்க."

அவள், லயத்தில் கைக்குழந்தைகள் எல்லாம் இருக்கின்றன என்றாள். அவர்களுக்குச் சொல்லாமல் எப்படிப் போக என்று கேட்டாள். சொல்ல நேரமில்லை என்று ஷாஹ்மி கத்தினான். அவன் தன் மனைவியிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"காலையில மெஷின் சென்னண்டுதான் அவங்கள திருப்பி அனுப்பின. இப்ப மெஷின் ஓடச் செல்லுதுண்டா ஒருத்தரும் அசைய மாட்டாங்க. எண்ட புருஷன்தான் பிழ விட்ட, அவர் வாயாலயே சென்னார்ண்டு செல்லப் போறேன். செல்லவா?"

"செல்லுங்க" என்றான். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. தான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதற்கு மேல் அவனால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, படிகளில் இறங்கி, மோட்டார் சைக்கிளை எடுத்தான். ரெயின்கோட் கடையில் கிடந்தது, அதை எடுக்கவும் போகவில்லை.

அந்தப் பாதையை ஷாஹ்மி எத்தனையோ தடவை போயிருக்கிறான். அன்று அது அவனுக்குத் தெரியாத பாதையாக இருந்தது. வளைவுகளில் ஓடை எது, ரோட்டு எது என்று பிரிக்க முடியவில்லை. பஸ் திரும்பிய இடத்தில் மண் பாதி ரோட்டை மூடியிருந்தது. பள்ளத்துப் பக்கம் எஞ்சியிருந்த ஒரு முழ அகலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். கீழே பார்க்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் மனத்துக்குள்தான். றிப்கா லயத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டு ஓடுகிறாள், மேலே மலை அசைகிறது. அவளை மலைக்கு அடியிலிருந்து விரட்டப் போன் எடுத்தவன், லயத்துக்குள்ளேயே அனுப்பிவிட்டேனே என்று அழுதான். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று வாய்விட்டுக் கேட்டான். உண்மையில் அந்த நேரத்தில் அவன் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஊத்துமலைக்கு ஏறும் கடைசி வளைவில் முதலில் ஒரு வாடை வந்தது. தோண்டிய பச்சை மண்ணின் வாடை. வளைவு திரும்பியதும் ஷாஹ்மி பிரேக்கை அழுத்தினான்.

லயம் இல்லை. பாடசாலையும் இல்லை. மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் சிவப்பு மண்தான். அதில் தேயிலைச் செடிகள் வேரோடு தலைகீழாகக் கிடந்தன, ஒரு தகரக் கூரை மட்டும் மடங்கி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஷாஹ்மி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது எதிர்மேட்டிலிருந்து ஒரு நாய் குரைத்தது. பிறகு ஒரு குழந்தை அழுதது. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். கோயில் மண்டபத்திலும் சுற்றிலும், நனைந்த கம்பளிக்கும் பொலித்தீனுக்கும் கீழே, சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

எப்படி ஓடைப் பாலத்தைத் தாண்டினான், எப்படி மேடேறினான் என்று பிறகு அவனுக்கு நினைவில்லை. றிப்கா கோயில் படிக்கட்டில் நின்று குழந்தைகளின் பெயரைக் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சாரி இடுப்பு வரைக்கும் சேறு. அவனைக் கண்டதும் பெயர் சொல்வதை நிறுத்தினாள். "எல்லாரும் ஈக்கிறாங்க" என்றாள். "ஒருத்தரும் உள்ளுக்கு இல்ல." ஷாஹ்மி அத்தனை பேர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

அழுகை ஓய்ந்ததும் அவனுக்கு அடுத்த பயம் வந்தது. சனம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சருடைய புருஷன் இவன்தான், பிழை விட்டவன் இவன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் இதே கோயிலில் பத்திரமாக உட்கார்ந்திருந்தவர்களை மலைக்கு அடியில் திருப்பி அனுப்பியவன். சனத்துக்குள்ளிருந்து ஓர் இளம் ஆள், தோளில் தூங்கும் பிள்ளையோடு, அவனை நோக்கி வந்தான். தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் சுபாஸ் அவன், வெடிப்பு விட்ட கடைசிக் காம்பிரா அவனுடையது என்று றிப்கா மெதுவாகச் சொன்னாள். அடிக்கத்தான் வருகிறான் என்று ஷாஹ்மி நினைத்தான். அடிக்கட்டும் என்று கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

சுபாஸ் அடிக்கவில்லை. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"சார், மத்த தோட்டத்துக்கெல்லாம் சொல்லிட்டீங்கதானே? எங்க அக்காவ மேமலைத் தோட்டத்துல கட்டிக் குடுத்திருக்கு. அங்கயும் லயம் இதே மாதிரி மலைக்கு அடியிலதாங்க."

ஷாஹ்மி ஒரு தோட்டத்துக்கும் சொல்லியிருக்கவில்லை. றிப்கா அவன் முகத்தைப் பார்த்தாள், பார்த்ததுமே விளங்கிக்கொண்டாள். தன் செல்போனை அவன் கையில் வைத்து, சிக்னல் கிடைக்கும் பாறைப் பக்கம் அவனைத் தள்ளினாள். சுபாஸும் பிள்ளையோடு பின்னாலேயே வந்தான்.

கண்காணிப்பு அறையின் நம்பரை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"மிஸ்..."

"ஆர், ஷாஹ்மியே? எங்க தம்பி போட்டீர்? கதவும் திறந்து கிடக்கு, மழைச் சாரல் எல்லாம் உள்ளுக்கு." கமலாம்பிகை மிஸ்ஸின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நான் அப்பவே வந்திட்டன். இண்டைக்கு ஒரே போன். எல்லாத் தோட்டத்துச் சனமும் பயந்துபோய் லயத்தை விட்டு வெளியில நிக்குதாம். நான் மெசினைப் பாத்துப் பாத்து எல்லாருக்கும் ஆறுதல் சொல்லி, திரும்பிப் போய்ப் படுக்கச் சொல்லிப்போட்டன்."

"எந்தத் தோட்டம் மிஸ்?"

அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லத் தொடங்கினார். போனில் சத்தம் கூடுதலாக வைத்திருந்தது. சுபாஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.